கொன்னது அவர்... மறைச்சது நான்!

1995, ஜூலை 2. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. டெல்லி அசோகா ரோடு.

மணி பதினொன்றைத் தாண்டியாச்சு. ரோந்து வந்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் அப்துல் நசீர் குஞ்சு, கேரளத்துக்காரர். அசோக் யாத்ரி நிவாஸ் ஓட்டல் பக்கத்தில் ஒரு பெண்மணி ‘தீ... தீ...’ என்று கத்துவது காதில் விழ, ஓடினார். ஓட்டல் வளாகத்திலிருந்த ‘பகியா’ என்கிற உணவகத்திலிருந்து குபுகுபுவென்று புகை. தந்தூரி அடுப்பு கொழுந்து விட்டு எரிகிறது. ராத்திரி நேரத்தில், கடை மூடுகிற வேளையில், யாருக்கு இவ்வளவு ரொட்டி?

என்ன எரிகிறது என்று கேட்டார் குஞ்சு. பழைய கட்சி பேனர்கள், போஸ்டர்கள் என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் உணவகத்தின் மேனேஜர்.

குஞ்சு தலையாட்டிவிட்டுப் போயிருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் மனிதர் போகவில்லை. சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய்ப் பார்த்தார். அடுப்பில் எரிந்து கொண்டிருந்தது பேனர் அல்ல. ஒரு பெண்ணின் உடல். தீ நன்றாகப் பிடிப்பதற்காக வெண்ணெய் வேறு போட்டிருந்தார்கள்!

இந்தியா முழுக்க ‘தந்தூரி கொலை வழக்கு’ என்று பேசப்பட்ட வழக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. இறந்தவர் நைனா சாஹ்னி. கொன்றவர் அவருடைய கணவர் சுஷில் சர்மா. அப்போது டெல்லி இளைஞர் காங்கிரஸின் தலைவர். மனைவியின் மேல் சந்தேகப்பட்டு வீட்டிலேயே துப்பாக்கியால் சுட்டிருக்கிறார். பிறகு உடலைக் காரில் போட்டுக்கொண்டு யமுனைப் பாலம் வரைக்கும் போயிருக்கிறார். அங்கே ஆள் நடமாட்டம். ‘சரி, நம்ம உணவகம் இருக்கவே இருக்கு’ என்று வண்டியைத் திருப்பியிருக்கிறார்.

சுஷில் சர்மாவைப் பற்றி அப்போதே பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்துவிட்டார்கள். நாம் இங்கே பார்க்கப் போவது இன்னொரு ஆசாமியை. அந்த மேனேஜரை!

அவர் யாரையும் சுடவில்லை. சுட்டபோது பக்கத்தில் இல்லை. இறந்த பெண்ணோடு அவருக்கு விரோதமும் இல்லை. ராத்திரி முதலாளி வந்தார், ஒரு வேலை சொன்னார், இவர் செய்தார். அவ்வளவுதான்.

‘அவ்வளவுதான்’ என்பதற்குச் சட்டம் என்ன விலை போடும்?

2003 நவம்பரில் டெல்லி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சுஷில் சர்மாவுக்குத் தூக்கு. மேனேஜருக்கு ஏழு வருஷக் கடுங்காவல்.

ஏழு வருஷம், சார்! ஒரு ராத்திரி வேலைக்கு!

*

201 என்கிற நம்பர்

சினிமா புண்ணியத்தில் ‘இ.பி.கோ. 302’ நம் எல்லோருக்கும் மனப்பாடம். கனம் கோர்ட்டார் அவர்கள் மேஜையைத் தட்டிவிட்டு அந்த நம்பரைச் சொல்லாத படம் ஏது? ஆனால் அதைவிட நூறு நம்பர் முன்னால் ஒன்று இருக்கிறது. 201. அதைப் பற்றி எந்தக் கதாநாயகனும் வசனம் பேசியதில்லை.

ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தோடு தடயத்தை மறைத்தால் குற்றம். அதே எண்ணத்தோடு பொய்த் தகவல் கொடுத்தாலும் குற்றம். இதுதான் 201-ன் சாரம்.

பிணத்தைப் புதைப்பது, எரிப்பது, ஆற்றில் விடுவது மட்டும்தான் மறைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தக் கறையைத் துடைப்பது, சட்டையைக் கொளுத்துவது, கத்தியைக் கிணற்றில் போடுவது, காரை வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்துவது... எல்லாமே இந்தக் கணக்கில் வரும். இந்தக் காலத்தில் சி.சி.டி.வி. பதிவை அழிப்பதும், செல்போனை உடைத்துச் சாக்கடையில் போடுவதும்கூட.

தண்டனை எவ்வளவு? இதில் ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. மறைத்தவனுக்கு எவ்வளவு என்பது, அவன் மறைத்த குற்றம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. மறைத்தது மரண தண்டனைக்கு உரிய குற்றம் என்றால், அதிகபட்சம் 7 வருஷம். ஆயுள் தண்டனைக்கோ, பத்து வருஷம் வரை சிறைக்கோ உரிய குற்றம் என்றால் 3 வருஷம் வரை. அதற்கும் கீழே என்றால், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சச் சிறையில் கால் பங்கு. வட்டிக் கடைக்காரர் போட்ட கணக்கு மாதிரி இல்லை?

‘கொலைகாரனுக்கே ஆயுள்தானே கொடுத்தாங்க, அப்ப எனக்கு மூணு வருஷம்தானே?’ என்று கேட்க முடியாது. கொலைக் குற்றத்துக்குச் சட்டத்தில் தூக்கு உண்டு. கோர்ட் அதைக் கொடுத்ததா இல்லையா என்பது வேறு விஷயம். ஆகவே, கொலையை மறைத்தவன் ஏழு வருஷக் கட்டத்தில்தான் நிற்பான்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 302 இப்போது 103 ஆகிவிட்டது. 201-க்கு புது நம்பர் 238. நம்பர்தான் மாறியது. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்த அந்த ஏழு வருஷம் அப்படியே இருக்கிறது.

*

‘முதலாளி சொன்னார், செஞ்சேன்!’

ஆபீஸில் வேலை பார்க்கிற நமக்கு இந்த இடம்தான் முக்கியம்.

மேனேஜர் சொன்னால் லீவு நாளில்கூட ஓடுகிறோம். மேலதிகாரியின் பையனுக்கு ஸ்கூல் அட்மிஷன் வாங்கித் தருகிறோம். அவர் வீட்டு காஸ் சிலிண்டருக்கு நாம் க்யூவில் நிற்கிறோம். ‘முடியாது சார்’ என்கிற இரண்டு வார்த்தை நம் தொண்டையில் ஏறுவதே இல்லை. அப்படிப் பழகிப் போனவரிடம் ஒரு நாள் ராத்திரி, ‘இந்த மூட்டையை யாருக்கும் தெரியாம அப்புறப்படுத்துப்பா’ என்று முதலாளி சொன்னால்?

கோர்ட்டில் ‘வேலை போயிடும்னு பயந்துட்டேங்கய்யா’ என்று சொன்னால் எடுபடாது.

மிரட்டலால் செய்த குற்றத்துக்குச் சட்டத்தில் விலக்கு இல்லாமல் இல்லை. பழைய சட்டத்தில் அது 94-வது பிரிவு. புதியதில் 32. ஆனால் அது எப்போது கிடைக்கும்? ‘செய்யாவிட்டால் இந்த நிமிஷமே செத்தாய்’ என்கிற அளவுக்கு மிரட்டல் இருக்க வேண்டும். நெற்றிப் பொட்டில் துப்பாக்கியை வைத்து, ‘எடுடா மண்வெட்டியை’ என்றால் சட்டம் உங்கள் பக்கம். ‘அடுத்த மாசம் இன்கிரிமென்ட் கிடையாது’ என்றால், ம்ஹூம். அந்த விலக்கும்கூடக் கொலைக் குற்றத்துக்குக் கிடையாது. உயிருக்கு பயந்து இன்னொரு உயிரை எடுத்தால் மன்னிப்பு இல்லை.

சம்பளம் கொடுக்கிறவர் உங்கள் நேரத்தைத்தான் வாங்கியிருக்கிறார். ஜெயிலுக்குப் போகிற கால்களை வாங்கவில்லை.

*

முன்னாலா, பின்னாலா?

201-ல் மாட்டுகிறவருக்கு ஏழு வருஷம் உச்சவரம்பு என்று சொன்னேன். அதைக்கேட்டு, ‘பரவாயில்லையே, கொலைக்கு இல்லாம தப்பிச்சாச்சே’ என்று பெருமூச்சு விட வேண்டாம். அங்கேதான் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது.

கொலை நடந்த பிறகு விஷயம் தெரிந்து உதவினால் 201. கொலை நடக்கப் போகிறது என்று முன்னாலேயே தெரிந்து, அந்தத் திட்டத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு இருந்தால் கதையே வேறு. ‘நீ ஆளை முடி, நான் வண்டியோடு தெருமுனையில் நிற்கிறேன்’ என்று பேசி வைத்திருந்தால், வண்டியில் உட்கார்ந்திருந்தவனும் கொலைகாரன்தான். பொது நோக்கம் என்கிற பிரிவோ (பழைய சட்டத்தில் 34), கூட்டுச்சதி என்கிற பிரிவோ (பழைய சட்டத்தில் 120-பி) பாயும். கத்தியைத் தொடாதவனுக்கும் ஆயுள் கிடைக்கும்.

ஆக, ஏழு வருஷத்துக்கும் ஆயுளுக்கும் நடுவே நிற்பது ஒரே கேள்வி. உனக்கு எப்போது தெரியும்?

இந்தக் கேள்விக்கு நாம் வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்வது சுலபம். கோர்ட்டில், இரண்டு வருஷம் கழித்து, போன் அழைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு வக்கீல் கேட்கும்போது பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. கொலைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் நண்பன் உங்களுக்கு போன் செய்திருந்தால்? அவன் கிரிக்கெட் ஸ்கோர்தான் கேட்டான் என்பதை யார் நம்புவார்கள்?

*

பெண்டாட்டிக்கு விலக்கு... மச்சானுக்கு இல்லை!

தடயத்தை மறைப்பது ஒரு ரகம். ஆளையே மறைப்பது இன்னொரு ரகம். கொலை செய்துவிட்டு வந்தவனை, தெரிந்தே வீட்டு மாடியில் தங்க வைத்துச் சோறு போட்டால், பழைய சட்டத்தில் 212-வது பிரிவு. இப்போது 249. ஐந்து வருஷம் வரை உள்ளே போகலாம்.

இதில் சட்டம் ஒரே ஒரு உறவுக்கு மட்டும் தயவு காட்டுகிறது. புருஷனுக்குப் பெண்டாட்டி அடைக்கலம் கொடுத்தாலும், பெண்டாட்டிக்குப் புருஷன் கொடுத்தாலும் குற்றமில்லை. தாலி கட்டிய உறவை இந்த இடத்தில் சட்டம் மதிக்கிறது. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, மாமன், மச்சான், ரூம்மேட்... இவர்களுக்கெல்லாம் அந்தச் சலுகை கிடையாது. பெற்ற தாய்க்கே கிடையாது என்றால் பாருங்கள்.

அதே பெண்டாட்டி ரத்தக் கறை படிந்த சட்டையைத் துவைத்துக் கொடுத்தால்? அது 201. அங்கே தாலிக்கும் விலக்கு இல்லை. சோறு போடலாம், சட்டை துவைக்கக் கூடாது!

சிரிப்பாக இருந்தாலும், இதற்குள்ளே ஒரு நியாயம் ஓடுகிறது. பாசத்தில் கதவைத் திறப்பதை ஓரளவு புரிந்துகொள்கிற சட்டம், சாட்சியத்தை அழிப்பதை மன்னிப்பதில்லை.

இன்னொன்று. வெறும் சந்தேகத்தை வைத்து யாரையும் உள்ளே தள்ள முடியாது. தந்தூரி வழக்கிலேயே, சுஷில் சர்மாவுக்கு ஒளிய இடம் கொடுத்ததாக மூன்று பேர் மேல் வழக்குப் போட்டார்கள். மூன்று பேரையும் கோர்ட் விடுதலை செய்தது. ‘இவன் கொலை செய்துவிட்டு வந்திருக்கிறான்’ என்று தெரிந்திருந்ததை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். விஷயம் தெரியாமல் டிரங்குப் பெட்டியை ரயிலில் ஏற்றிவிடுகிற போர்ட்டர் குற்றவாளி ஆகமாட்டார்.

*

இரண்டு டிரங்குப் பெட்டிகள்

டிரங்குப் பெட்டி என்றதும் பழைய மெட்ராஸ்காரர்களுக்குப் பளிச்சென்று ஒரு பெயர் ஞாபகம் வரும். ஆளவந்தார்!

1952 ஆகஸ்ட் மாதக் கடைசி. எழும்பூரிலிருந்து கிளம்பிய போட் மெயிலில், ஒரு பச்சை டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் தாங்க முடியவில்லை. மானாமதுரையில் இறக்கித் திறந்து பார்த்தால், உள்ளே தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கடலில் வீசியதை, அலை பத்திரமாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. சைனா பஜாரில் பேனா வியாபாரம் செய்து வந்த ஆளவந்தாரின் உடல்தான் அது. பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும் பம்பாயில் பிடிபட்டார்கள். 1953 ஆகஸ்டில் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் தீர்ப்பளித்தார். மேனனுக்கு 7 வருஷம். தேவகிக்கு 3 வருஷம்.

தலையை ஒரு திசை, உடலை ஒரு திசை அனுப்பியும் மறைக்க முடியவில்லை. ரயில் ஒரு பக்கம் காட்டிக் கொடுத்தது. கடல் இன்னொரு பக்கம் காட்டிக் கொடுத்தது.

அதே 1952-ல் டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் இன்னொரு டிரங்குப் பெட்டி வழக்கு. இது பஞ்சாப். கணவர் பொட்டாசியம் சயனைடால் இறந்துபோனார். உடல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, கிணற்றில் போடப்பட்டது. மனைவி மேல் வழக்கு. கொலைக் குற்றம் நிற்கவில்லை. ஆனால் தடயத்தை மறைத்ததற்காக ஹைகோர்ட் 7 வருஷம் கொடுத்தது.

சுப்ரீம் கோர்ட் அதையும் ரத்து செய்தது! ஏன் தெரியுமா? போட்டோ கழுவுவதற்கு வைத்திருந்த மருந்தை, வயிற்று மருந்து என்று நினைத்துக் கணவரே தவறுதலாகக் குடித்துவிட்டார் என்பது மனைவியின் வாக்குமூலம். அது கொலைதான் என்று அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. முதலில் ஒரு குற்றம் நடந்தது என்று காட்டினால்தானே, ‘குற்றத்தை மறைத்தாய்’ என்று சொல்ல முடியும்? உடலைப் பெட்டியில் போட்டது எவ்வளவு விகாரமான காரியமாக இருந்தாலும், அது மட்டுமே 201 ஆகாது என்றது கோர்ட்.

ஒரே வருஷம். இரண்டு பெட்டி. ஒன்று ஜெயிலுக்குக் கொண்டுபோனது. இன்னொன்றைத் திறந்து, ‘நிரூபணம் எங்கே?’ என்று கேட்டது கோர்ட். தண்டனை கொடுப்பது என்பது கோபத்தைத் தீர்த்துக்கொள்கிற காரியம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

*

கிடைக்காமலே போன துப்பாக்கி

மறைக்கிற ஒருவரால் யாருக்கு என்ன நஷ்டம்? செத்தவர் திரும்பி வரப் போவதில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஜெஸிகா லால் வழக்கைத்தான் சொல்ல வேண்டும்.

1999 ஏப்ரல் 29 நள்ளிரவு. டெல்லி மெஹ்ரோலியில் ஒரு உணவகத்தில் பார்ட்டி. மதுபானம் பரிமாறிக்கொண்டிருந்த மாடல் ஜெஸிகா லால், ‘சரக்கு தீர்ந்துவிட்டது, கடை மூடியாச்சு’ என்றார். ஆயிரம் ரூபாய் தருகிறேன், கொடு என்றான் ஒருவன். முடியாது என்றார். சுட்டுவிட்டான். சுட்டது ஹரியானா அரசியல்வாதி ஒருவரின் மகன் மனு சர்மா.

கூடவே நண்பர்கள் இருந்தார்கள். சம்பவ இடத்தில் நின்ற டாட்டா சஃபாரி வண்டி அங்கிருந்து கடத்தப்பட்டது. துப்பாக்கி? அது கடைசி வரைக்கும் கிடைக்கவேயில்லை.

விளைவு என்ன? சாட்சிகள் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தார்கள். ஆயுதம் கையில் இல்லாததால் எத்தனை துப்பாக்கி, எத்தனை பேர் சுட்டார்கள் என்று வாதம் கிளம்பியது. ஏழு வருஷம் இழுத்து, 2006 பிப்ரவரி 21 அன்று, குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரும் விடுதலை! பார்ட்டியில் அத்தனை பேர் இருந்தும், ஜெஸிகாவை யாருமே கொல்லவில்லை என்று ஆகிவிட்டது. 2011-ல் வித்யா பாலன் நடித்து வந்த இந்திப் படத்தின் தலைப்பே அதுதான்.

நாடே கொதித்தது. ஜெஸிகாவின் சகோதரி சபரீனா விடாமல் போராடினார். மேல்முறையீட்டில் டெல்லி ஹைகோர்ட் 2006 டிசம்பரில் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. மனு சர்மாவுக்கு ஆயுள், 50,000 ரூபாய் அபராதம். தடயத்தை மறைக்க உதவிய நண்பர்கள் இரண்டு பேருக்குத் தலா 4 வருஷம், கூடவே அபராதம். 2010 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அந்த பெஞ்சுக்குத் தலைமை தாங்கியவர் நம்ம ஈரோட்டு மாவட்டத்துக்காரரான நீதிபதி பி. சதாசிவம்.

நான்கு வருஷம் சரியா? ஏழு கொடுத்திருக்கலாமே? பஸ் ஸ்டாப்பில் நின்று விவாதிக்கலாம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்த ஏழு வருஷமும் ஜெஸிகாவின் குடும்பம் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கியது. சுட்டவன் ஒரு நொடியில் ஒரு உயிரை எடுத்தான். மறைத்தவர்கள் அந்தக் குடும்பத்தின் எத்தனை வருஷத்தை எடுத்தார்கள்? அதற்குத்தான் 201.

*

தூக்கா, ஆயுளா?

சரி, தந்தூரி வழக்குக்குத் திரும்புவோம். சுஷில் சர்மா தப்பித்து ஓடி, மெட்ராஸுக்கு வந்து, இங்கே செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் வாங்கிவிட்டார். டெல்லி போலீஸ் வாயைப் பிளந்தது. 1995 ஜூலை 10-ம் தேதி பெங்களூரில் சிக்கினார்.

எரித்துவிட்டால் எல்லாம் சாம்பல் என்றுதான் நினைத்திருப்பார். முதல் போஸ்ட்மார்ட்டமும் தீக்காயத்தால் மரணம் என்றே சொல்லிவிட்டது. இரண்டாவது முறை டாக்டர்கள் குழு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மண்டையிலும் கழுத்திலும் குண்டுகள்! டி.என்.ஏ. சோதனை, இறந்தவர் நைனாதான் என்று சொன்னது. வெண்ணெய் உருகியது. ஈயம் உருகவில்லை.

கீழ்க் கோர்ட் தூக்கு கொடுத்தது. 2007-ல் ஹைகோர்ட் உறுதி செய்தது. ஆனால் 2013 அக்டோபர் 8 அன்று, அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட அதே சதாசிவம் தலைமையிலான பெஞ்ச், அதை ஆயுளாகக் குறைத்தது. ‘பெண்டாட்டியைக் கொன்று அடுப்பில் போட்டவனுக்கா?’ என்று பலர் கொதித்தார்கள்.

கோர்ட் சொன்ன காரணத்தையும் கேளுங்கள். இது குடும்ப உறவு கசந்து நடந்த கொலை. ஆளுக்கு முன்னால் குற்றப் பின்னணி இல்லை. திருந்தவே மாட்டார் என்று காட்ட ஆதாரம் இல்லை. உடலை எரித்தது கொடூரம்தான். ஆனால் கொடூரத்தை மட்டுமே வைத்துத் தூக்கு கொடுக்க முடியாது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ‘அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு’ என்று சுப்ரீம் கோர்ட் கோடு கிழித்து வைத்திருக்கிறது. இந்த வழக்கு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்பது தீர்ப்பு.

அதனால்தான், குற்றவாளி என்று அறிவித்ததும் நீதிபதி உடனே பேனாவை உடைத்துவிடுவதில்லை. தண்டனை பற்றித் தனியாக இரு தரப்பையும் கேட்க வேண்டும். வயது என்ன, குடும்பம் என்ன, திருந்த வழியுண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். என்ன செய்தான் என்பது ஒரு தட்டு. யார் செய்தான் என்பது இன்னொரு தட்டு.

‘ஆயுள்னா பதினாலு வருஷம்தானே சார்?’

டீக்கடை பெஞ்சில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் தப்பபிப்பிராயம் இது. ஆயுள் என்றால் ஆயுள். உயிர் இருக்கிற வரைக்கும். 1961-லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. பதினாலு வருஷம் என்பது என்ன என்றால், கொலை மாதிரி குற்றத்தில் ஆயுள் பெற்ற ஒருவரை அரசு சலுகை காட்டி முன்கூட்டியே விடுவிக்க வேண்டுமானால், குறைந்தது அவ்வளவு காலமாவது உள்ளே இருந்திருக்க வேண்டும். அது வெளியே போகிற கதவு திறக்கக்கூடிய முதல் தேதி. திறந்தே தீரும் என்று எழுதிக் கொடுத்த தேதி இல்லை.

திறக்கவே கூடாது என்று பூட்டிய வழக்கும் உண்டு. 1991-ல் பெங்களூரில் ஷாகிரே கலீலி என்கிற வசதியான பெண் காணாமல் போனார். மைசூர் திவானாக இருந்த சர் மிர்ஸா இஸ்மாயிலின் பேத்தி. ‘வெளியூர் போயிருக்கிறாள்’ என்று கணவர் சுவாமி சிரத்தானந்தா ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். 1994-ல் வீட்டு வளாகத்தில் தோண்டினால், பெட்டிக்குள் அவர் உடல். மூன்று வருஷம், மனைவியைப் புதைத்த இடத்தின் மேலேயே நடமாடியிருக்கிறார் மனிதர். 2008-ல் சுப்ரீம் கோர்ட் தூக்கை ரத்து செய்தது. ஆனால் ஆயுள் முடிகிறவரை விடுதலையே கிடையாது என்று உத்தரவு போட்டது.

சுஷில் சர்மா, 23 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 2018 டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட் உத்தரவால் வெளியே வந்தார். மனு சர்மா 2020 ஜூனில் விடுதலையானார். அவரை விடுவிப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று 2018-லேயே சிறைக்குக் கடிதம் எழுதியிருந்தார் சபரீனா. பத்தொன்பது வருஷம் கோபத்தைச் சுமந்து களைத்துப் போனவரின் கடிதம் அது. 2021-ல் அவரும் காலமாகிவிட்டார்.

*

‘மச்சி... ஒரு ஹெல்ப்!’

கொலை செய்கிற ஆசாமிகள் நம்மில் ரொம்பக் குறைவு. ஆனால் ‘மச்சி, ஒரு ஹெல்ப்’ என்று கூப்பிட்டால், எதற்கு என்று கேட்காமலே பைக்கை உதைத்துக் கிளம்புகிறவர்கள் நம்மில் நிறைய. அந்தக் குணம் நல்ல குணம்தான். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அது போதும். இதுக்கு ஆகாது.

இப்படி ஒரு அழைப்பு வந்தே தொலைத்தால் என்ன செய்வது? ஒரு வக்கீல் சொல்லக்கூடிய யோசனைகள் ரொம்பச் சுருக்கம்தான். எதையும் தொடாதே. எதையும் துடைக்காதே. எதையும் அழிக்காதே. ‘வா, சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போவோம், வக்கீலைக் கூப்பிடுவோம்’ என்று சொல். அவன் வரவில்லை என்றால் நீ போ. கொலை நடந்தது தெரிந்தும் தகுந்த காரணமின்றிச் சும்மா இருப்பதே தப்பு என்பது சட்டம். முன்பு கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது பிரிவு. இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 33. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை ஜெயில் கிடைக்கலாம்.

‘அப்ப நட்புக்கு என்ன சார் மரியாதை?’

சரணடைந்தவனுக்கு நல்ல வக்கீல் பிடித்துக் கொடுக்கலாம். அவன் அம்மாவுக்கு மாசாமாசம் மளிகை வாங்கிப் போடலாம். மனு போட்டுப் பார்க்கப் போகலாம். இதில் எதற்கும் இ.பி.கோ.வில் நம்பர் கிடையாது.

அசோகா ரோட்டில் அந்த ராத்திரி இரண்டு பேருக்கு வேலை இருந்தது. ஒருவர் மேலே இருப்பவர் சொன்னதைச் செய்தார், ஏழு வருஷம் வாங்கினார். இன்னொருவர் யாரும் சொல்லாமலே சுவர் ஏறிக் குதித்தார். மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு சாதாரண கான்ஸ்டபிள். அவர் குதித்திருக்காவிட்டால், நைனா சாஹ்னி என்கிற பெண் ‘காணவில்லை’ பட்டியலில் ஒரு பெயராகவே இன்றைக்கும் இருந்திருப்பார்.